தை மாதத்தில் காயலோரம் நான்கு நாட்கள்: முத்துப்பேட்டையா, கோடியக்கரையா, பழவேற்காடா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில், அதாவது படகர் சிற்றூரில், வசிக்கிறேன். பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. தை மாதத்தில் நம் நீலகிரி மலை எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளங்களில் உறைபனி விழுந்து தேயிலை கருகும்; வெயில் ஏறும்வரை கைவிரல்கள் மடங்கா. என் கணவருக்கு இந்தப் பனிக்காலம் ஆண்டுக்காண்டு தாங்க முடியாததாகி வருகிறது. ஆகவே மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகையை முடித்துக்கொண்டு, நான்கைந்து நாட்கள் சமவெளிக்கு இறங்கி, கடலோரக் காயல் ஒன்றின் பக்கத்தில் தங்கி வரலாம் என்று எண்ணியிருக்கிறோம்.

எங்களுடன் பன்னிரண்டு வயதுப் பேத்தியும் வருகிறாள். அவளிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள சோலையில் வந்து உட்காரும் பறவைகளையெல்லாம் அதில் வரைந்து வைத்திருக்கிறாள். நீலகிரிச் சிரிப்பானை மட்டும் பதினோரு முறை வரைந்திருக்கிறாள். இப்போது அவளுக்குப் பூநாரையை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று ஆசை.

அமைதி என்று நான் எதைக் கருதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறர் விடுமுறைக்கு வரும் ஊரில் வாழ்கிறவர்கள் நாம். கோடை சீசனில் சாலை நெடுக வண்டிகள் நிற்பதையும், தோட்டத்தில் மேய வரும் காட்டெருமையை வளைத்து நின்றுகொண்டு படமெடுப்பதையும் பார்த்துப் பார்த்து என் மனம் சலித்திருக்கிறது. நாங்கள் இன்னோர் ஊருக்குப் போகும்போது அவ்வூராருக்கு அப்படிப்பட்ட தொல்லையாக ஆகிவிடக் கூடாது. முத்துப்பேட்டை, கோடியக்கரை, பழவேற்காடு ஆகிய மூன்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். முழங்கால் வலியுள்ள அறுபத்தெட்டு வயதுக்காரரும் ஒரு சிறுமியும் நிதானமாகப் பார்க்க எது ஏற்றது? படகில் ஏறி இறங்குவது கடினமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: வேளாண் பணியில் இருந்தவர், குன்னூர்

சகோதரிக்கு வணக்கம். பணிக்காலத்தில் ஆறு ஆண்டுகள் திருத்துறைப்பூண்டியில் இருந்தவன் என்பதால் முத்துப்பேட்டையைப் பற்றி ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் மூவருக்கும் நான் பரிந்துரைப்பது முத்துப்பேட்டையில் ஒன்றரை நாள், எஞ்சிய நாட்கள் கோடியக்கரையில் என்பதே. இரண்டும் ஒரே ஈரநிலத் தொடரின் இரு முனைகள்.

முதலில், அந்தக் காயல் உங்களுக்கு அந்நியமன்று என்பதைச் சொல்ல வேண்டும். கோத்தகிரிச் சரிவுகளில் வழியும் ஓடைகள் பவானியிலும் மோயாற்றிலும் சேர்கின்றன. மோயாறு பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரி கல்லணையில் வெண்ணாறாகவும் பிரிந்து, நீடாமங்கலத்துக்கு அருகில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மீண்டும் மூன்றாகிறது. கோரையாறும் பாமணியாறும் கடைமடை வயல்களையும் தாண்டிச் சென்று முடியும் இடம்தான் முத்துப்பேட்டைக் காயல். வழியில் எத்தனையோ அணைகளும் மதகுகளும் அந்நீரை எடுத்துக்கொள்கின்றன என்பது உண்மையே. ஆனாலும் உங்கள் சோலையில் கசியும் நீரில் ஏதோ ஒரு பங்கு அங்கே போய்ச் சேர்கிறது என்பதை நான் அங்கிருந்த ஆறு ஆண்டுகளும் நினைத்துக்கொண்டே இருந்தேன். பேத்தியிடம் புறப்படும் முன்பே இதைச் சொல்லுங்கள். வரைபடத்தில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு வரட்டும்.

காயல் என்று நூல்களில் எழுதினாலும் அங்கே பலரும் 'லகூன்' என்றே சொல்கிறார்கள். கடற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அலை உடையும் ஓசையே கிடையாது. பாக் நீரிணை ஆழமற்றது, காயல் அதைவிட ஆழமற்றது, நடுவிலே நின்றாலும் பல இடங்களில் இடுப்பளவே நீர் இருக்கும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அதைச் சுற்றி நிற்கிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று அப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள்; 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதை அங்குள்ள பெரியவர்கள் இன்றும் நன்றியோடு பேசுவார்கள். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் அப்படி விடவில்லை. காட்டையே அது முறித்துப் போட்டது. இப்போது போகிறவர்கள் பட்டுப்போன மரங்களையும் அவற்றின் இடையே எழும் இளங்கன்றுகளையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

படகு ஜாம்புவானோடையிலிருந்து புறப்படும். வனத்துறையின் அனுமதி தேவை. முன்னதாகவே கேட்டுப் பெற்றுவிடுங்கள், நேரில் போய் நின்று கேட்பதில் பாதி நாள் கழிந்துவிடும். கோரையாற்றின் வழியே இருபுறமும் மரங்கள் நெருங்கி நிற்கப் படகு மெதுவாகப் போகும். பிறகு திடீரென்று இருபுறமும் விலகி, வானமும் நீரும் மட்டுமாகக் காயல் திறக்கும். சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல் நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வெளியே வேரை நீட்டி மூச்சு வாங்குகிறது. காட்டுக்குள் நீண்டு செல்லும் வாய்க்கால்கள் மீனவர்கள் வெட்டியவை. நீர் ஏறும்போது மீன் உள்ளே போகும், வடியும்போது வலையிட்டு எடுப்பார்கள். மடவையும் கொடுவாவும் இறாலும் அப்படித்தான் கிடைக்கின்றன.

கடல்நீரின் ஏற்றவற்றத்தைப் படகோட்டியிடம் கேட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். ஒருமுறை நாங்கள் மூவர், அவர் வேண்டாமென்று சொன்ன நேரத்தில் அவரை வற்புறுத்திச் சிறு படகில் போனோம். நீர் வடிந்து, படகு சேற்றில் சிக்கிவிட்டது. மூங்கில் கழியை ஊன்றித் தள்ளியும் அசையவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். தவறு முழுக்க எங்களுடையது. அந்த மனிதரின் ஒரு பிற்பகல் உழைப்பை நாங்கள் வீணாக்கினோம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் பார்த்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை. சேறு வெளியே தெரியத் தெரிய, எங்கிருந்தோ உள்ளான் என்னும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தன. செம்பருந்து ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே சுற்றியது. நாங்கள் அசையாததால் அவை எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. அன்றிலிருந்து நான் எவருக்கும் சொல்வது இதைத்தான்: பாதுகாப்பான ஓரிடத்தில், நீர் வடியும் நேரத்தில், இரண்டு மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். படகை ஓட்டிக்கொண்டே இருப்பவர்கள் பறந்து போகும் பறவைகளின் முதுகையே பார்க்கிறார்கள்.

பதில் 2: பறவை நோக்குபவர், கூடலூர்

அம்மா, வணக்கம். பூநாரைதான் பேத்தியின் விருப்பம் என்றால் கோடியக்கரையைத் தவறவிடாதீர்கள். ஆண்டுதோறும் சனவரியில் அங்கே போவது என் வழக்கம்.

வேதாரண்யத்துக்குத் தெற்கே, நிலம் கடலுக்குள் முழங்கையைப் போல் மடங்கும் முனையில் அது இருக்கிறது. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக, 2002இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலமும் அதுவே. ஒரு பக்கம் உலர் பசுமைமாறாக் காடு, நடுவே புல்வெளி, மறுபக்கம் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, அதை ஒட்டி உப்பளங்கள். நம் மலையில் சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உயரமே இல்லாத தரையில் அதே போன்ற அடுக்கு அமைந்திருப்பது வியப்பாக இருக்கும். அங்கே மிக உயர்ந்த இடமான இராமர் பாதம் ஒரு மணல் மேடுதான். உங்கள் கணவர் முழங்கால் வலியோடும் ஏறிவிடலாம். மாலை நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் புல்வெளியில் வெளிமான்கள் தெரியும். முறுக்கிய கொம்புடைய கரிய ஆண் மான்களை மோயாற்றுப் பள்ளத்தாக்கில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும்; அதே மான் இங்கே கடற்காற்றில் மேய்கிறது. புல்வெளியில் திரியும் குதிரைகளையும் பேத்தி வரையலாம். வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டிலேயே பல தலைமுறைகளாக வாழ்பவை அவை.

பூநாரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அவற்றின் காலுக்கு ஏற்ற ஆழமும், அலகால் அரித்தெடுக்கும் சிற்றுயிர்களுக்கு ஏற்ற உவர்ப்பும் எங்கே சேர்ந்து அமைகின்றனவோ அங்கேதான் அவை இருக்கும். வடகிழக்குப் பருவமழை மிகுதியாகப் பெய்த ஆண்டில் சதுப்பு ஆழமாகிவிடும். அப்போது அவை தள்ளிப் போகும். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன்; ஓராண்டு, தொலைநோக்கியிலும் ஓர் இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரிந்தன. சிறுமியிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பூநாரை இல்லாவிட்டாலும் கரண்டிவாயன், கூழைக்கடா, ஊசிவால் வாத்து, ஆலா, உப்புக்கொத்தி என்று அவளுடைய குறிப்பேடு நிறைந்துவிடும். இவற்றில் வடக்கிலிருந்து வலசை வருபவையும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். கைக்குள் அடங்கும் கொசு உள்ளான் ஒன்று வடதுருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து இந்த உப்பளம் வரை வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வோர் ஆண்டும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தொல்லையாகிவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சென்ற முறை ஒரு குழுவினர் பறவைகள் ஒருசேரப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கைதட்டி எழுப்பினார்கள். நான் தடுத்துச் சொன்ன பிறகும் இரண்டு முறை எழுப்பினார்கள். நெடும்பயணம் வந்த பறவை இங்கே தின்று சேர்க்கும் கொழுப்பில்தான் மாசி, பங்குனியில் திரும்பிப் பறக்கப் போகிறது. ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. மண் வரப்பின்மேல் நிமிர்ந்து நடக்காமல், ஒரே இடத்தில் தாழ்ந்து அமர்ந்து பாருங்கள். வெள்ளை, சிவப்புத் துணிகளைத் தவிருங்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் தண்ணீரைச் சொந்தப் பாத்திரத்தில் எடுத்துச் செல்லும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கும். அங்கேயும் அதையே செய்யுங்கள்.

கோடியக்கரையில் வனத்துறையின் பூநாரை இல்லத்தில் இடம் கிடைக்குமா என்று முன்னதாகக் கேட்டுப் பாருங்கள். இல்லையெனில் வேதாரண்யத்தில் விடுதிகள் உண்டு. அங்கே தங்கினால் அகத்தியம்பள்ளியில் 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூணையும் பார்த்து வரலாம். திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி நடத்தி வந்த அணியினர் உப்பெடுத்த மண் அது.

பதில் 3: உதகையைச் சேர்ந்தவர், இப்போது சென்னையில்

பழவேற்காட்டைப் பற்றியும் கேட்டிருந்ததால் சில வரிகள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது; பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும், எலும்புக்கூடு செதுக்கிய அதன் வாயில் தூண்களும் பார்க்கத் தக்கவை. எந்தக் குடும்பம் எந்த இடத்தில் எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டை அங்குள்ள மீனவர்கள் பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். அதைப் பற்றி அவர்கள் சொல்லக் கேட்பதே ஒரு கல்வி.

ஆயினும் நீங்கள் தேடும் அமைதிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவே என்பதால் விடுமுறை நாட்களில் கூட்டம் மிகுதி. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கே படகு கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பலர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எவரேனும் மறைவாகப் படகில் அழைத்துச் செல்வதாகச் சொன்னால், சிறுமியை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். கோத்தகிரியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து கரையில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்புவதைவிட, முன்னிருவர் சொன்ன வழியே சிறந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நம் ஓடைநீர் போய்ச் சேரும் இடம் என்ற செய்தியைப் படித்ததும் பேத்தி நிலப்பட நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூடுதுறை வரை வந்துவிட்டாள், கல்லணையில் நிற்கிறாள். முடிவு செய்துவிட்டோம்: முத்துப்பேட்டையும் கோடியக்கரையும்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மேட்டுப்பாளையம் வரை இறங்கிய பின், என் கணவருக்கு அலைச்சல் இல்லாமல் போக வழி எது? அடுத்தது, அலையாத்திக் காட்டில் கண்ணைக் கெடுக்கும் பாலுள்ள மரம் ஒன்று இருப்பதாகப் பேத்தி எங்கோ படித்திருக்கிறாள். அவள் எதையும் தொட்டுப் பார்த்து வரைகிறவள் என்பதால் கவலையாக இருக்கிறது.

பதில் 1: வேளாண் பணியில் இருந்தவர், குன்னூர்

சகோதரி, அந்த மரத்தின் பெயர் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமே அது. அதன் பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் பார்வைக் கேடும் உண்டாகும். மீனவர்களும் அதை ஒடிக்க மாட்டார்கள். ஆகவே உடன் வருபவர் மரத்தைக் காட்டிப் பெயர் சொல்லும்வரை எதையும் தொடக் கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வெண்கண்டல் எது என்று அவர் காட்டிய பிறகு அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும், உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை அம்மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் இலையின்மேல் உப்புப் பொடி மின்னுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பயணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் செம்மொழி விரைவு வண்டி உங்களுக்கு ஏற்றது. இரவில் ஏறிப் படுத்தால் காலையில் மன்னார்குடி. கீழ்ப் படுக்கையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். நீடாமங்கலம் வரும்போது பேத்தியை எழுப்பிவிடுங்கள், ஆறு மூன்றாகப் பிரியும் ஊர் அதுதான். மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் பேருந்தும் வாடகைக் காரும் கிடைக்கும். பொங்கல் நாட்களையும் காணும் பொங்கலையும் தவிர்த்து, அதற்கு அடுத்த வாரத்தில் போங்கள். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

படகுத் துறையில் ஏறி இறங்கும்போது உங்கள் கணவரை இருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்; பலகை ஈரத்தில் வழுக்கும். உயிர்காப்பு மேலங்கியை மூவரும் கட்டாயம் அணியுங்கள். மலையிலிருந்து போகிறவர்களுக்கு அந்தப் புழுக்கமும் கொசுவும் முதல் நாள் கடினம், ஆகவே முதல் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கிடைக்கும் மடவை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உறங்குங்கள். படகோட்டியின் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊட்டி வர்க்கி கொஞ்சம் எடுத்துப் போங்கள். நான் ஒவ்வொரு முறையும் அதைத்தான் கொண்டு போவேன்.

பதில் 2: பறவை நோக்குபவர், கூடலூர்

அம்மா, தொலைநோக்கி வாங்க வேண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று சிறியது, பிள்ளைகளின் கைக்கு அடங்கும். அடுத்த வாரம் கோத்தகிரிக்கு வர வேண்டிய வேலை இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு அருகில் எங்கே கொடுப்பது என்று தனிச்செய்தியில் எழுதுங்கள். திருப்பித் தரும்போது பேத்தியின் குறிப்பேட்டில் அந்தப் பக்கங்களை மட்டும் எனக்குக் காட்டினால் போதும்.